டகோட்டா பாட்டிக்கு ஒரு விசில்

டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று, தொப்பி போட்டுக்கொண்டு பார்க்கிற ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியைப் பற்றி ஏதாவது இருக்கும் என்று படிக்க வந்திருந்தால் மன்னிக்கணும். அது எல்லாரும் பார்ப்பது. நான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகப்போவது அதற்கு முந்தின வாரத்துக்கு, ஒத்திகை நடக்கிற நாட்களுக்கு, எலகங்கா விமானப்படைத் தளத்தின் வேலிக்கு வெளியே ஹுணசமாரனஹள்ளியில் ஒரு மொட்டைமாடிக்கு. சத்தம் போடாமல் வாங்க. மாடிப்படி குறுகல்.

எங்கள் பயணம் மாரிக்குப்பத்தில் தொடங்கும். தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ஜனம் விடியற்காலை ரயிலில் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, பிப்ரவரியில், அந்தத் தூக்கத்தைக் கெடுக்க நாங்கள் ஐந்து பேர் ஏறுவோம். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த மாமா, பிஇஎம்எல்லில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து வரும் டீச்சரக்கா, கடன் வாங்கிய கேமராவோடு ஒரு தம்பி, அப்புறம் நான். மூன்று பைனாகுலர், ஒரு தூக்குவாளி நிறையப் புளிசோறு. பங்காருபேட்டை தாண்டுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடும். எது உசத்தி, சத்தமா, சாகசமா, பழசா? எதிர் சீட்டில் சீட்டாடுகிறவர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்!

புளிசோறு ஏன் என்று கேட்கணுமே நீங்கள். பிரியாணி வேண்டாம் என்று நாங்கள் கட்டுப்பாடு விதித்துக்கொண்டதல்ல. கண்காட்சி சமயத்தில் எலகங்காவைச் சுற்றி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லி உத்தரவு வரும். 2025இல் ஜனவரி 23 முதல் பிப்ரவரி 17 வரை, தளத்தைச் சுற்றி 13 கிலோமீட்டருக்கு. ஹோட்டல்களிலும் அசைவம் கிடையாது. கழிவு கிடந்தால் பருந்து வரும், பருந்து வந்தால் ஜெட் இன்ஜின் வாய்க்குள் போகும், ஒரு கிலோ பறவை ஒரு விமானத்தையே கீழே கொண்டுவந்துவிடும். கோடிக்கணக்கான ரூபாய் சமாச்சாரம் ஒரு கறிக்கடைக் குடலை நம்பி நிற்கிறது. இதுதான் நான் சொல்ல வந்த திரைமறைவில் முதல் காட்சி.

மாடிக்கு வந்தாச்சு. வீட்டுக்கார அம்மா கன்னடத்தில் “உஷாரு, கோடெ மேலே ஹத்த பேடி” என்று ஒரே ஒரு நிபந்தனை போடுவார். கைப்பிடிச் சுவர் மேல் ஏறக்கூடாது, அவ்வளவுதான். தம்பி ஏறுவான். அம்மா கத்துவார். இறங்குவான். இது ஒவ்வொரு முறையும் நடக்கிற தொடக்க விழா.

ஒத்திகையில் என்ன விசேஷம் என்றால், ஒரே வித்தையை மறுபடி மறுபடி பார்க்கலாம். கண்காட்சி நாளில் விமானப்படையின் சாகசக் குழு சூர்யகிரண் ஒரு இதயம் வரைந்துவிட்டுப் போய்விடும், கைதட்டுவோம், முடிந்தது. ஒத்திகையில் இரண்டாவது இதயமும் வரும். முதலாவதை மேல்காற்று இழுத்து ஒரு பக்கம் வீங்க வைத்திருக்கும். “இதுக்கு ஆஞ்சியோ பண்ணணும்” என்பார் மாமா. அந்தப் புகை வேறொன்றுமில்லை, டீசல்தான். சூடான இன்ஜின் காற்றுக்குள் டீசலைப் பீய்ச்சினால் ஆவியாகி வெள்ளையாக வரும், சாயம் கலந்தால் காவியும் பச்சையும். லாரி புகை விட்டால் அபராதம், இவர்கள் விட்டால் கைதட்டல் என்பது அண்ணனின் நிரந்தர வயிற்றெரிச்சல்.

பீதரில் இருக்கும் சூர்யகிரண் குழு 1996இல் கிரண் பயிற்சி விமானங்களோடு தொடங்கியது, நடுவில் சில வருஷம் நின்றுபோய், பிறகு ஹாக் விமானங்களோடு திரும்பி வந்தது. ஒன்பது விமானங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து மீட்டர்கூட இல்லாத நெருக்கம். எங்கள் ஊர் லைன் வீட்டு வாசலுக்கும் எதிர் வாசலுக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரிச் சாகசக் குழுக்காரர்கள் பறப்பதற்கு முன்னால் தரையில் ஒரு நாடகம் போடுவார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத கன்ட்ரோல் ஸ்டிக்கைப் பிடித்தபடி தலைவர் சொல்லச் சொல்ல உடம்பைச் சாய்ப்பார்கள். அல்லது கைகளை விமானமாக்கி வரிசையாக நடந்து நடந்து பார்ப்பார்கள். பெரிய பெரிய அதிகாரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி! ஒரு வீடியோவில் இதைப் பார்த்ததிலிருந்து தம்பிக்குக் கிறுக்கு ஏறி, ரயிலிலேயே ஒரு கையை ஹாக் ஆக்கிவிட்டான். பக்கத்து சீட்டுக்காரரின் காபி காலி.

தம்பியிடம் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. புதுசாக வருகிறவர்கள் சத்தம் வருகிற இடத்தில் விமானத்தைத் தேடுவார்கள். அங்கே வெறும் வானம்தான் இருக்கும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று விநாடி ஆகிறது. அதற்குள் ஜெட் முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். “சத்தத்துக்கு முன்னாடி பாருங்கண்ணே, பின்னாடி இல்ல.” ஜெட்டைப் படம்பிடிக்க ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவாக ஷட்டர் திறந்து மூடணும். ஆனால் பழைய விசிறி விமானத்துக்கு அப்படிச் செய்தால் விசிறி அசையாமல் உறைந்து, பொம்மை மாதிரி தொங்கும். இருநூறில் ஒரு பங்கு நொடி வரைக்கும் இறக்கி, கையை விமானத்தோடு சேர்த்து இழுத்தால்தான் விசிறி சுழல்வது படத்தில் தெரியும். இந்த இழுப்பில் பத்தில் ஒன்பது படம் கலங்கிப்போகும்.

அண்ணனின் ரசனை தனி ரகம். வானமே அவருக்கு வேண்டாம். பைனாகுலரைத் தரையை நோக்கித் திருப்பி, விமானத்தை இழுத்துக்கொண்டு போகும் குட்டை டிராக்டரைத் தேடுவார். அந்த வகை டிராக்டரை பிஇஎம்எல்லும் செய்கிறது. சுகோய் ஒன்று தலைக்கு மேல் செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும்போது இவர், “டேய், டோ-பார் மாட்டறாங்க, பாரு பாரு!” என்று கூவுவார். முதலில் சிரித்தேன். இப்போது நானும் பார்க்கிறேன். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, சிவப்பு ரிப்பன் தொங்கும் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி எண்ணிக் காட்டுவது, தரை ஊழியர் இரண்டு கையையும் தூக்கிச் சைகை காட்ட, விமானி உள்ளிருந்து கட்டைவிரலை உயர்த்துவது என்று அங்கே தனியாக ஒரு நடனமே நடக்கிறது.

மாமாவுக்குப் பிடித்தது சத்தம். ஆஃப்டர்பர்னர் போட்டுக் கிளம்பும்போது மாடிச்சுவர் அதிருமே, அப்போது அவர் முகத்தைப் பார்க்கணும். “ஏர் பிளாஸ்ட்!” என்பார். பூமிக்கடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதற்கு எங்கள் சுரங்கத்தில் வைத்த பேர் அது. அடியில் வெடித்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரம் உருளும், பெண்கள் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். அந்த வார்த்தையை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல ஒருவரால் முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம். 9 ஜி என்றால் என்ன என்று தம்பி விளக்குவான்: அறுபது கிலோ ஆள் ஐநூற்று நாற்பது கிலோவாக அழுந்துவான், ரத்தம் காலுக்கு இறங்கும், கண் இருட்டும், அதைத் தடுக்க ஜி-சூட் தொடையையும் வயிற்றையும் காற்றால் இறுக்கும். மாமா அசரமாட்டார். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். “கூண்டுல இறங்கறப்போ காது அடைக்கும் பாரு. சூட்டெல்லாம் யாரு குடுத்தா? எச்சிய முழுங்கிக்கினு போனோம்.”

ஆனால் அவருக்குப் பிடித்த விமானம் தேஜஸ். காரணம் விசித்திரம். தேஜஸ் முதன்முதலில் பெங்களூரு வானில் ஏறியது 2001 ஜனவரி 4, ஓட்டியவர் விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால். எங்கள் சுரங்கத்தை மூடியது 2001 பிப்ரவரி 28. நடுவில் ஐம்பத்தைந்தே நாள். “எனக்கு வேலை போன வருஷம் பொறந்த புள்ள அது. வளந்துச்சா இல்லியானு வந்து பாக்க வேணாமா?” தேஜஸ் முதல் படைப்பிரிவு 2016இல் அமைந்து, பிறகு நம்ம கோயம்புத்தூர் பக்கம் சூலூருக்குப் போனதுவரை எல்லாம் அவருக்கு மனப்பாடம், சொந்த மருமகன் டிரான்ஸ்ஃபர் மாதிரி.

2025இல் ஊரெல்லாம் பேச்சு ரஷ்யாவின் சுகோய்-57ஐயும் அமெரிக்காவின் எஃப்-35ஐயும் பற்றித்தான். ஒரே தளத்தில் இரண்டும் நின்றன, ஏரோ இந்தியாவில் அது முதல் தடவை. சுகோய்-57 அந்தரத்தில் நின்று, திரும்பி, வழுக்கி, மறுபடி எழுந்து போட்ட ஆட்டத்தில் தம்பி கைப்பிடிச் சுவர் மேல் ஏறியதை அம்மாவே கவனிக்கவில்லை, அவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த முறை குறை ஒன்றுதான். சாரங் இல்லை. மயில் வண்ணம் தீட்டிய துருவ் ஹெலிகாப்டர்கள், 2004இல் சிங்கப்பூரில் முதல்முறையாக மக்கள்முன் ஆடியவை. ஜனவரியில் போர்பந்தரில் நடந்த கடலோரக் காவல்படை விபத்துக்குப் பிறகு துருவ் ரகம் முழுவதையும் தரையிறக்கி வைத்திருந்தார்கள். ஹெலிகாப்டர் சாகசம் என்றால் இளப்பமாகப் பார்க்கும் கூட்டம் உண்டு. ஒன்றை நோக்கி ஒன்று மூக்கோடு மூக்கு மோதுகிறாற்போல் வந்து விலகுமே, அதை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவே மாடி மொத்தமும் பேச்சை நிறுத்தும் ஒரு தேதி உண்டு. 2019 பிப்ரவரி 19, இதே மாதிரி ஒத்திகை நாள். இரண்டு சூர்யகிரண் விமானங்கள் மோதிக்கொண்டு, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். மறுநாள் கண்காட்சி தொடங்கியது. அன்றிலிருந்து டீச்சரக்கா ஒவ்வொரு அணி இறங்கும்போதும் எண்ணுவார். ஒன்பது ஏறியதா, ஒன்பது இறங்கியதா. எண்ணி முடித்துவிட்டுத்தான் புளிசோற்றில் கை வைப்பார்.

டீச்சரக்கா பழைய விமானக் கட்சியின் ஒரே உறுப்பினர், தலைவர், பொருளாளர். 2021இல் அவர் எங்கள் எல்லாரையும் தோற்கடித்தார். கொரோனா காலம், மூன்றே நாள் கண்காட்சி, உள்ளே கூட்டத்துக்குக் கட்டுப்பாடு. அந்த வருஷம் மொட்டைமாடிகள்தான் உண்மையான கேலரி! அமெரிக்கா தன் பி-1பி குண்டுவீச்சு விமானத்தை அனுப்பியிருந்தது. நான்கு இன்ஜின், மடங்கும் இறக்கை, வந்தபோது வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. மாமா இரண்டு முறை “ஏர் பிளாஸ்ட்” சொன்னார். அது கிளம்பி வந்த எல்ஸ்வொர்த் தளம் எந்த மாநிலத்தில் தெரியுமா? தெற்கு டகோட்டா. அதே கண்காட்சி வானத்தில் நம் விமானப்படையின் பழைய விசிறி விமானம் டகோட்டாவும் பறந்தது. பாட்டி பேருள்ள ஊரிலிருந்து வந்தவனும் பாட்டியும் ஒரே கல்யாணத்தில்!

பாட்டியின் பேர் பரசுராமா. வால் எண் விபி 905. 1947 அக்டோபர் 27ஆம் தேதி சீக்கியப் படைப்பிரிவு வீரர்களை ஸ்ரீநகரில் இறக்கிய டகோட்டாவின் நினைவாக வைத்த எண். குப்பைக்குப் போகவேண்டிய விமானத்தை அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் பழுதுபார்த்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து விமானப்படைக்குக் கொடுத்தார். அவருடைய அப்பா எம்.கே. சந்திரசேகர் விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் கோவென்ட்ரியிலிருந்து கிளம்பி, வழிநெடுக இறங்கி இறங்கி, சொந்த இறக்கையிலேயே இந்தியா வந்து சேர்ந்தது.

பாட்டியைக் கிளப்புவதே ஒரு சடங்கு. நட்சத்திர வடிவ இன்ஜின், பதினான்கு சிலிண்டர். நின்றுகொண்டிருக்கும்போது எண்ணெய் வடிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் உள்ளே ஏதாவது வளையும். அதனால் ஆட்கள் கையாலேயே விசிறியைச் சில சுற்று சுற்றிவிடுவார்கள். அப்புறம் ஸ்டார்ட்டர் போட்டால் ஒரு இருமல், நீலப்புகை, இன்னொரு இருமல், பிறகு கடகடவென்று அந்தத் தாளம். இந்தச் சடங்கை டீச்சரக்கா மாடியில் நின்று நடித்துக்காட்டுவார், இருமலோடு. இரண்டாம் உலகப்போர் நாட்களில் பெங்களூரு எச்ஏஎல்லில் டகோட்டாக்களைப் பழுதுபார்த்தார்கள் என்பதை ஒவ்வொரு வருஷமும் சொல்வார். “நம்ம ஊர் வானம் இவளுக்குப் புதுசில்லை.”

நான் கட்சி மாறியது 2021இல் பி-1பி வந்த அன்றுதான். பி-1பியைப் பார்த்தேன் என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் பார்த்தேனா? வந்தது, போனது, காது வலித்தது. டகோட்டா நிதானமாக வந்தது. ஜன்னல்களை எண்ண முடிந்தது. வெயில் இறக்கையில் பட்டு நகர்வதைப் பார்க்க முடிந்தது. எந்த மாடியிலிருந்தோ யாரோ விசில் அடித்தார்கள். அடுத்த மாடி பதில் விசில். ஜெட்டுக்கு விசில் அடித்தால் நம் காதுக்கே கேட்காது!

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவிலும் பாட்டி வந்தாள், எழுபத்திரண்டு விமானங்கள் கலந்துகொண்ட விமானப்படை நாள் காட்சியில், ஹார்வர்டு என்ற இன்னொரு கிழத்தோடு. டீச்சரக்கா போகத் துடித்தார். அந்த வெயிலையும் கூட்டத்தையும் நினைத்து நாங்கள்தான் வேண்டாம் என்றோம். வெயிலின் கொடுமையில் ஐந்து பேர் இறந்த செய்தி சாயந்திரம் வந்தது. மாடியில் நிழலும் ஒரு குடம் தண்ணீரும் இருந்தால்தான் விமானம் பார்ப்பது என்ற எங்கள் விதி அதன்பிறகு இன்னும் கெட்டியாகிவிட்டது.

2025 ஒத்திகை முடிந்து திரும்பும் ரயிலில் தம்பி அன்றைய படங்களைக் காட்டினான். ஆயிரத்துச் சொச்சம். வெறும் வானம், வெறும் வானம், ஒரு வால், வெறும் வானம், மாமாவின் காது, கலங்கிய தேஜஸ். அண்ணன் டிராக்டர் படம் உண்டா என்று கேட்டார். இல்லை. வைட்ஃபீல்டு தாண்டும்போது ஒரே ஒரு படத்தில் எல்லாரும் குனிந்தோம். ஊசிமுனை மாதிரித் துல்லியம், ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, கண்ணில் வெயில் மின்ன.

பருந்து. பதின்மூன்று கிலோமீட்டருக்குக் கறிக்கடையை மூடியும், எங்கள் புளிசோற்றுத் தூக்கைக் குறிவைத்து வந்தது.