மலையில் நம்மவர் பெயர்



காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் கதவைச் சாத்துகிறோம். இடையில் நாம் நடக்கும் தூரம் கல்லாவிலிருந்து தராசு வரை, தராசிலிருந்து கிட்டங்கி வரை. மூட்டை தூக்குவது சுமைத் தொழிலாளர். வியர்வை அவருக்கு, சர்க்கரை நோய் நமக்கு.

மதுரையில் எங்கள் வீதியில் நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்த நண்பர் ஒருவருக்குக் கால் விரலில் சிறு புண் வந்தது. "தை மாத வியாபாரம் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போட்டார். கடைசியில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் எங்கள் நால்வருக்குப் புத்தி வந்தது. ஞாயிறு காலைகளில் நடப்பது என்று முடிவு செய்தோம்.

நடப்பதற்குக் கொடைக்கானல் போக வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றியே மலைகள் இருக்கின்றன. தேனி சாலையில் நாகமலை புதுக்கோட்டைக்கு அருகே பிரிந்தால் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் ஆலமரம், ஐயனார் கோயில், தாமரைக் குளம். அங்கிருந்து சமணர் மலைக்குப் பாறையிலேயே படிகள் வெட்டியிருக்கிறார்கள். சற்று ஏறினால் பேச்சிப்பள்ளம். சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. மலையின் மற்றொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்று ஒரு குகை. அங்கே அமர்ந்திருப்பவர் தீர்த்தங்கரர்தான். நீண்ட காதுகளோடு இருப்பதைப் பார்த்து ஊர் மக்கள் அவரைச் செட்டியார் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் உட்கார்ந்தே பழகிய நமக்கு, அவரைக் காண நடந்து போவது பொருத்தம்தான்!

எங்களை அதிகம் அசைத்தது அழகர்மலையின் ஒரு பகுதியான கிடாரிப்பட்டிக் குகை. பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். ஊரைத் தாண்டி நடந்து, பாறை மீது ஏறிச் சென்றால் பெரிய குகைத்தளம். உள்ளே குளிர்ந்த சுனை. சமணத் துறவிகள் படுக்கக் கல்லிலேயே படுக்கைகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால் பாறையின் நெற்றியில் தமிழ் பிராமி எழுத்துகள். ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை கொண்டவை.

அவை மன்னர்களின் பெயர்கள் அல்ல. உப்பு வணிகர் ஒருவர், பாணித வணிகர், அதாவது சர்க்கரைப் பாகு விற்றவர் ஒருவர், ஏர்க்கொழு விற்ற இரும்பு வணிகர் ஒருவர், அறுவை வணிகர் என்னும் துணி வியாபாரி ஒருவர், மதுரைப் பொற்கொல்லர் ஒருவர். உப்பும் வெல்லமும் விற்ற நம்மவர்களே! துறவிகளுக்குப் படுக்கை அமைக்கப் பொருள் கொடுத்தவர்கள் அவர்கள். மூட்டை ஏற்றி வண்டி நடத்தியவர்களுக்கு இந்த மலை ஏறவும் நேரம் இருந்திருக்கிறது. நமக்கு மட்டும் ஏன் இல்லை?

அதே பாறைகளில் இன்று கரியாலும் பெயின்டாலும் காதலர் பெயர்கள் எழுதியிருப்பதைக் கண்டு மனம் நொந்தோம். அந்த வணிகர்கள் கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினார்கள். இவர்கள் கெடுத்துவிட்டு எழுதுகிறார்கள். அதைவிட வெட்கம், கீழே கிடந்த பிளாஸ்டிக் உறைகள். ஒன்றை எடுத்துப் பார்த்தோம். நாம் மொத்தத்தில் விற்கும் சரக்குதான். குப்பை போட்டவர் யாரோ. ஆனால் அது நம் கடை வழியாகத்தான் மலைக்கு வந்தது. அன்று முதல் ஆளுக்கொரு சாக்கு கொண்டுபோகிறோம்.

மலை எப்போதும் அங்கேயே இருக்கும் என்று எண்ணுவதும் தவறு. மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குடைவரைச் சிவன் கோயிலும், பிராமிக் கல்வெட்டும், வல்லூறு வகைப் பறவைகளும் உள்ள இடம். 2024-இல் அவ்வட்டாரம் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சேர்க்கப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. கால் பதித்து நடந்த மண்ணென்றால்தான் அதற்காக வாய் திறக்கத் தோன்றும்.

புறப்படும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். செருப்புக்குப் பதில் பிடிப்புள்ள காலணி போடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வீடு திரும்பியதும் பாதங்களைப் பார்க்கத் தவறாதீர்கள். மயக்கம் வந்தால் வாயில் போடச் சிறிது வெல்லம் மடியில் இருக்கட்டும். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு நடப்பவர்கள் கையில் பை தொங்கவிட வேண்டாம். குரங்குகள் கடன் வைப்பதில்லை, அன்றே வசூல் செய்துவிடும்.

விரல் இழந்த நண்பரும் எங்களோடு வருகிறார். மலை ஏறுவதில்லை. கீழக்குயில்குடிக் குளக்கரையில் எங்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சென்ற வாரம் நாங்கள் இறங்கி வந்தபோது அவர் சொன்னார்: "கடை எங்கும் ஓடவில்லை. என் கால்தான் ஓடிவிட்டது."

வரும் ஞாயிறு, கல்லாவைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். நம்மவர்கள் ஏறிய மலை நமக்காகவும் காத்திருக்கிறது.