மலைக்குப் போகும் பிள்ளைகளும் பெற்றோர் கவனத்துக்குச் சிலவும்

விடுமுறை வந்தால் நம் பகுதி வாலிபர்கள் நாலு பைக்கில் எட்டுப் பேராகக் கிளம்பி விடுகிறார்கள். "ஃபிரெண்டு வீட்டுக் கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எங்கே போனார்கள் என்பது மறுநாள் செல்போனில் ஓடும் வீடியோவைப் பார்த்துத்தான் பெற்றோருக்குத் தெரிகிறது. பெரும்பாலும் ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள நாகலாபுரம் மலைதான். "இதைத் தடுக்க ஜமாஅத்தில் ஏதாவது சொல்லக் கூடாதா?" என்று தாய்மார்கள் பலர் நம்மிடம் கேட்டு விட்டார்கள்.

தடுப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை. முகத்துவாரக்குப்பத்திலும் எண்ணூரிலும் பிறந்து வளரும் பிள்ளை காலையில் கண் விழித்தால் பார்ப்பது அனல் மின் நிலையப் புகைபோக்கியையும் கன்டெய்னர் லாரி வரிசையையும்தான். 2023 டிசம்பரில் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததையும், அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அமோனியா கசிந்து குடும்பத்தோடு தெருவுக்கு ஓடி வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். இந்தப் பிள்ளை ஒரு நாள் மரத்தடியில் மூச்சு விட ஆசைப்பட்டால் அதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? வஹீ இறங்கும் முன்பு நம் நபி (ஸல்) அவர்கள் தனித்திருந்ததும் ஒரு மலைக் குகையில்தான். உம்ரா போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜபலுந் நூர் ஏறி இறங்கிய கதையை முழங்காலைத் தடவிக்கொண்டே சொல்வார்கள்.

போவது தவறில்லை. வீட்டுக்கும் வனத்துறைக்கும் தெரியாமல் போவதுதான் ஆபத்து.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் வாசலில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டித்தான் இங்கே வருகிறது. அந்தப் பூண்டிக்கு அருகே, இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அல்லிக்குழி மலைக்காடு இருக்கிறது. உயரமான மலை இல்லை. முள்ளும் புதரும் கூழாங்கல்லுமான தாழ்ந்த குன்றுகள். அதற்குள் சில கிலோமீட்டர் நடந்தால் குடியம் குகை வரும். கூழாங்கற்கள் இறுகிப் பாறையான பெரும் சுவர் ஒன்று கூரை போலக் கவிந்து நிற்கும் இடம் அது. 1962-64 இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்து கற்கால மனிதரின் கருவிகளை எடுத்தது. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 இலேயே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கு கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பூண்டியில் இதற்கென்றே அருங்காட்சியகமும் உண்டு. நம் ஆற்றங்கரையில் இவ்வளவு இருக்க, பிள்ளைகள் எல்லை தாண்டி எங்கோ போகிறார்கள். குடியம் குகைக்குள் கிராமத்தார் வழிபடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே சத்தம் போடுவதும் விளையாட்டுக் காட்டுவதும் நமக்கு அழகல்ல.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர் 24 அன்று தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 மலைப்பாதைகள் இருக்கின்றன. குடியம் குகை அவற்றில் ஒன்று, எளிய பாதைகளின் பட்டியலில் வருவது. ஆன்லைனில் பெயர் பதிந்து கட்டணம் கட்டினால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். அவர்கள் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி மக்களும் கிராமத்தாரும்தான். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு இந்த வழியில் போக முடியாது. திட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்குக் குரங்கணியை நினைவுபடுத்துகிறோம். 2018 மார்ச் 11. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் சென்ற இரண்டு குழுக்கள் காட்டுத் தீயில் சிக்கின. அங்கேயும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். மாசி, பங்குனியில் மலைச் சரிவின் புல் காய்ந்து வைக்கோலாக நிற்கும். சமதரையில் மெதுவாகப் பரவும் தீ, சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஓடும். கீழிருந்து எழும் சூடு மேலே உள்ள புல்லை முன்பே வாட்டிப் பக்குவப்படுத்தி விடுவதுதான் காரணம். ஆகவே தீயைக் கண்டால் மேலே ஓடக் கூடாது. புல் இல்லாத பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கரிநிலம், இவற்றில் ஒன்றை நோக்கிப் போக வேண்டும். அந்த விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டு வந்தது. 2025 இல் இந்தப் பாதைகள் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடப்பட்டன. அந்த ஆண்டு ரமளானும் அந்த இரண்டு மாதத்துக்குள்ளேயே வந்தது, அதனால் நமக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

குரங்கணியைக் காட்டி, "பெண் பிள்ளைகள் மலைக்குப் போனால் இப்படித்தான்" என்று அப்போது பேசியவர்கள் உண்டு. தீ ஆண், பெண் பார்த்து எரிக்கவில்லை. காலமும் பாதையும்தான் தவறாக இருந்தன. நம் பெண் பிள்ளைகள் தகப்பனுடனோ அண்ணனுடனோ, தாயும் சேர்ந்து குடும்பமாகக் குடியம் போய் வருவதில் என்ன தடை? புர்காவின் கீழ் விளிம்பு முள்ளில் மாட்டாமல் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி இருக்கட்டும். உள்ளே பேன்ட்டும், பிடிமானமுள்ள ஷூவும் போதும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

"இது என்ன பெரிய மலையா?" என்ற எண்ணம்தான் தாழ்ந்த மலைகளில் ஆளைக் கொல்கிறது. உயரம் குறைந்த மலையில் குளிர்ச்சி கிடையாது. வெயில் நம் ஊரைப் போலவே இருக்கும், கடல் காற்று மட்டும் இருக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது முதுகில் இருக்க வேண்டும், கூடவே இரண்டு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். ஏற்றத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கும், பையில் பேரீச்சம்பழம் இருக்கட்டும். நாகலாபுரத்தில் நடந்த சாவுகளில் பலவும் ஏறும்போது நடந்தவை அல்ல, பாறைக் குளங்களில் குதித்து நடந்தவை. கடலில் நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் பாறைக் குளம் புதிது. உப்புத் தண்ணீரைப் போல அது உடலைத் தாங்காது, அடியில் கல் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது.

திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்து கொள்ளுங்கள். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் அஸருக்கு அடிவாரத்தில் இருக்க வேண்டும். காட்டில் மஃரிபுக்கு முன்பே இருட்டி விடும்.

இனி சைக்கிள். வாலிபர்களில் சிலர் ஏலகிரிக்குச் சைக்கிளில் ஏற ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். சென்ட்ரலில் ரயில் ஏறினால் மூன்று, நான்கு மணி நேரத்தில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து அடிவாரத்துப் பொன்னேரி (நம் மீஞ்சூர்ப் பக்கத்துப் பொன்னேரி அல்ல). அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் பெயரும் புலவர்கள் பெயரும் அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது அந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டு நிற்கலாம். மேலே போன பிறகு சுவாமிமலை உச்சிக்கு நடைதான், அது சுமார் 1,300 மீட்டர். அந்தப் பாதையும் திட்டத்தில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடிச் சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு, இரவு தங்க இடம் பிரச்சினை இல்லை.

ஆனால் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். அது பள்ளிக்கூடம் போகக் கொடுத்தது. கியர் இல்லாமல் ஏறிவிட்டாலும் அதன் பிரேக்கை நம்பி 14 வளைவு இறங்க முடியாது. விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் கட்டையும் ரிம்மும் சூடாகிப் பிடிமானம் குறையும். நல்ல கியர் சைக்கிளிலும் வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டு விட்டுத்தான் இறங்க வேண்டும். ஹெல்மெட் இல்லாதவன் வரக் கூடாது. பயிற்சிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டாதீர்கள். வாரியக் குடியிருப்பு மாடிப்படியைத் தினமும் பத்து முறை ஏறி இறங்கினாலே கால் பழகும்.

தொழுகை பற்றிக் கேட்கிறார்கள். குடியம் கஸ்ர் தூரத்துக்குள் வராது, முழுத் தொழுகைதான். ஏலகிரி 200 கிலோமீட்டருக்கும் மேல் என்பதால் அங்கே கஸ்ர் உண்டு. லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகை ஷாஃபிஈ மத்ஹபில் உண்டு, ஹனஃபியில் இல்லை. அவரவர் இமாமைக் கேட்டுக் கொள்ளவும். கையில் இருப்பது குடிக்க மட்டுமே போதுமான தண்ணீர் என்றால் அதை உளூவில் செலவழிக்க வேண்டியதில்லை, தயம்மும் செய்யலாம். ஆனால் "தண்ணீர் இல்லை, நேரம் இல்லை" என்று தொழுகையையே விட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள்.

ஆன்லைனில் பதியத் தெரியாத குடும்பங்களுக்கு நம் அலுவலகத்தில் பதிந்து கொடுக்கிறோம், வெள்ளி நீங்கலாக எல்லா நாளும் மஃரிபுக்குப் பின். ஆதார் நகலும், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். பெற்றோரில் ஒருவராவது நேரில் வர வேண்டும்.