பர்கூர் மாட்டுத் தீவனம் ஆராய்ச்சிச் செலவா?

அந்தியூரிலிருந்து கொள்ளேகால் போற மலைப்பாதையில் ஏறினால் பர்கூர். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாட்டின ஆராய்ச்சி நிலையம் ஒன்று அந்த மலையில் இருக்கு. செந்நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் செம்மறை மாட்டைக் காப்பாற்றி, தேர்ந்தெடுத்துப் பெருக்குவதுதான் அதன் வேலை. அங்கே மாடுகளுக்குப் போடுற தீவனச் செலவு, "இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவழித்த பணம்" என்கிற கணக்கில் சேருமா, சேராதா?

கேட்க விளையாட்டா இருக்கும். ஆனால் "நாம ஜி.டி.பி.யில் 0.64 சதவீதம்தான் ஆராய்ச்சிக்குச் செலவு பண்றோம், இஸ்ரேலும் தென்கொரியாவும் 4 சதவீதத்துக்கு மேல" என்று டி.வி. விவாதத்தில் அடிச்சு விடுறாங்களே, அந்த 0.64 இந்த மாதிரி ஆயிரம் கேள்விகளுக்கு யாரோ ஒருத்தர் படிவத்தில் எழுதின பதில்களின் கூட்டுத்தொகை.

எண் எங்கிருந்து வருதுன்னு முதல்ல பார்ப்போம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் என்.எஸ்.டி.எம்.ஐ.எஸ். என்று ஒரு பிரிவு. நாடு முழுக்க உள்ள ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கேள்விப் படிவம் அனுப்பி, செலவு எவ்வளவு, ஆட்கள் எத்தனை என்று வாங்கித் தொகுப்பது அவர்கள் வேலை. அவர்களுடைய 2022-23 வெளியீட்டில் கடைசி ஆண்டு 2020-21. மொத்தம் சுமார் 1,27,381 கோடி ரூபாய். அதில் மத்திய அரசு 43.7 சதவீதம், தனியார் தொழில்துறை 36.4, உயர்கல்வி 8.8, மாநில அரசுகள் 6.7, பொதுத்துறை நிறுவனங்கள் 4.4.

அரசுத் துறையில் மாதிரி எடுப்பு அவ்வளவாகப் பயன்படாது. காரணம் எளிது. பணம் ஒரு சிலரிடம் குவிந்து கிடக்கு. டி.ஆர்.டி.ஓ., விண்வெளித் துறை, அணுசக்தித் துறை, ஐ.சி.ஏ.ஆர்., சி.எஸ்.ஐ.ஆர். இந்த ஐந்தையும் எடுத்தாலே மத்திய அறிவியல் அமைப்புகளின் செலவில் பெரும்பகுதி வந்துடும். குலுக்கல் முறையில் இதில் ஒன்று விட்டுப்போனால் மொத்த மதிப்பீடும் தலைகீழ். அதனால் பெரியவர்களை எல்லாம் கட்டாயம் எண்ணுவது. மாதிரி எடுப்பதாக இருந்தால் சிறியவர்களிடம் மட்டும். புள்ளியியலில் இதற்கு அடுக்கு முறை என்று பேர், முதல் அடுக்கு முழுக்கணக்கு.

முழுக்கணக்கு எடுத்தால் மாதிரிப் பிழை கிடையாது. ஆனா வேற பிழை உண்டு, அதுதான் இங்கே பெரிசு.

ஆராய்ச்சி என்றால் எது என்பதற்கு உலகம் முழுக்க ஒரே கையேடு: ஃப்ராஸ்காட்டி கையேடு. 1963-ல் ரோமுக்குப் பக்கத்தில் ஃப்ராஸ்காட்டி ஊரில் ஓ.இ.சி.டி. நாடுகளின் நிபுணர்கள் கூடிப் பேசியதால் அந்தப் பெயர். 2015 பதிப்பு ஐந்து அடையாளம் சொல்லுது: புதுசா இருக்கணும், சொந்த யோசனை வேணும், முடிவு என்ன வரும்னு முன்கூட்டியே தெரியக்கூடாது, திட்டமிட்டுச் செய்யணும், இன்னொருத்தர் எடுத்துத் திரும்பச் செய்யற மாதிரி இருக்கணும். ஐந்தும் ஒருசேர வேணும்.

இதை வெச்சு நம்ம மாட்டைப் பாருங்க. கன்றின் எடையை மாதாமாதம் குறித்து எந்தக் காளையின் வாரிசு நல்லா வளருதுன்னு ஆராய்ந்தால் அது ஆராய்ச்சி. மந்தையை உயிரோடு வைத்திருப்பது பாதுகாப்பு. நல்ல காளையை மலைவாசி விவசாயிக்குக் கொடுப்பது சேவை. மூன்றும் ஒரே தொழுவத்தில், ஒரே தீவனத்தில் நடக்குது.

கற்பனையா ஒரு நிலையத்தை எடுத்துக்குவோம். பர்கூர் நிலையத்தின் கணக்கு அல்ல, கணக்கு புரிவதற்கான எண்கள் மட்டும். ஆண்டுச் செலவு 100 லட்சம்: சம்பளம் 55, தீவனமும் பராமரிப்பும் 30, மின்சாரம் வண்டி வகையறா 15. ஊழியர்களின் நேரத்தில் 40 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகுது. கண்டிப்பான அதிகாரி சம்பளத்தில் 22, மற்றதில் 6, தீவனம் சேராது என்று 28 லட்சம் எழுதுவார். இன்னொருத்தர் பாதி மந்தை சோதனையில் இருக்குன்னு தீவனத்தில் 15 சேர்த்து 43 எழுதுவார். மூன்றாமவர் பெயர்ப்பலகையிலேயே ஆராய்ச்சி நிலையம்னு இருக்கே என்று 100-ஐயும் எழுதிடுவார். ஒரே இடம், ஒரே ரசீதுகள், 28-லிருந்து 100 வரை. எந்த மாதிரி எடுப்பிலும் இவ்வளவு பிழை வராது.

பட்ஜெட் புத்தகத்தில் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். கொஞ்சம் தெரியும். மாநில பட்ஜெட்டில் 2415 என்கிற பெருந்தலைப்பு, வேளாண் ஆராய்ச்சியும் கல்வியும். கவனிங்க, 'கல்வியும்'. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உள்ளே தனித்தனிச் சிறுதலைப்பு உண்டு. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு மானியமாகப் போகும் பணம் அந்தத் தலைப்புகளை மதிப்பதில்லை. காலையில் வகுப்பெடுத்து மதியம் வயலில் சோதனை பார்க்கும் பேராசிரியருக்குச் சம்பளம் ஒன்றுதான். கூடவே பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று ஒரே ஆண்டுக்கு மூன்று எண். செய்தியில் வருவது பெரும்பாலும் முதல் எண்.

அதனால்தான் கையேடு, பணம் கொடுத்தவரைக் கேட்காதே, வேலை செய்தவரைக் கேள் என்கிறது. டெல்லியில் ஒரு துறை கோவைப் பல்கலைக்கழகத்துக்குத் திட்டநிதி கொடுத்து, இருவரும் தன் செலவு என்று எழுதினால் ஒரே ரூபாய் இரண்டு தடவை. செய்தவர் மட்டும் எழுதினால் ஒரு தடவை. அமெரிக்காவிலேயே கொடுத்ததாக அரசு சொல்வதும் வாங்கினதாக ஆய்வகங்கள் சொல்வதும் பொருந்துவதில்லை. நிதியாண்டு வேறு, ஒதுக்கிய பணம் செலவாகும் காலம் வேறு.

நம்ம ஈரோடு, கோவை வட்டாரத்தில் இந்தச் சிக்கல் நிறைய. பவானிசாகர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பி.எஸ்.ஆர். மஞ்சள் ரகங்களை வெளியிட்ட இடம். அதே இடத்தில் விதைப் பெருக்கமும் நடக்கும். கோபியில் வேளாண் அறிவியல் நிலையம் செய்யும் செயல்விளக்கம் கண்டிப்பாப் பார்த்தா ஆராய்ச்சி இல்லை, விரிவாக்கம். ஆனால் விவசாயி வயலில் ரகங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதை அப்படித் தள்ள முடியாது. கோவை சிட்ராவுக்கு ஆலைகளும் ஜவுளி அமைச்சகமும் சேர்ந்து பணம் தருது, அது அரசா தனியாரா என்பது தனி வழக்கு.

சரி, தேசிய எண்ணை நம்பலாமா? ஒரு சின்னச் சோதனை செஞ்சு பார்த்தேன். மாநிலங்களின் 6.7 சதவீதம் என்றால் சுமார் 8,500 கோடி. அதில் கால்வாசி, அதாவது சுமார் 2,100 கோடி, விட்டுப்போயிருக்குன்னு வெச்சுக்குவோம். மொத்தத்தில் அதைச் சேர்த்தால் 0.64 என்பது 0.65 ஆகும். அவ்வளவுதான். தேசிய விகிதம் அசையாது, ஏன்னா அதைத் தாங்குறது நாலைந்து பெரிய தூண்கள். ஆனால் மாநிலக் கணக்கில் அதே பிழை கால்பங்கு. ஒரு மாவட்டத்தில் அது மொத்தமுமா இருக்கலாம். டெல்லிக்கு அற்பமான பிழை, சென்னையில் எந்த நிலையத்துக்கு ஆள் போடலாம்னு முடிவு பண்ணுறவருக்கு அற்பம் இல்லை. இதனால்தான் சிறிய நிலையங்களின் படிவத்தை யாரும் துரத்தி வாங்குவதில்லை என்பது என் சந்தேகம்: தேசிய எண்ணுக்கு அது தேவையே படலை.

செய்யக்கூடியது ஒன்று இருக்கு, செலவும் அதிகமில்லை. மாநிலத்தில் உள்ள எல்லா நிலையங்களின் மொத்தச் செலவு ஏற்கனவே கணக்கில் இருக்கு. அதிலிருந்து நாற்பது ஐம்பது நிலையங்களைக் குலுக்கி எடுத்து, அங்கே உள்ளவர்களிடம் நாட்குறிப்பு வாங்கணும்: இந்த வாரம் எத்தனை மணி நேரம் சோதனை, எத்தனை மணி பாடம், எத்தனை மணி விவசாயி சந்திப்பு. வருஷத்தில் நாலு தடவை, நாலு பருவத்தில். ஆடியில் மட்டும் எடுத்தால் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மாடு ஓட்டிட்டு வர்ற வாரம் சிக்கிக்கும், ஆராய்ச்சி நேரம் பூஜ்யம்னு காட்டும். கிடைக்கிற விகிதத்தை மொத்தச் செலவோடு பெருக்கினால் படிவத்தில் மனம்போனபடி எழுதினதை விட நல்ல மதிப்பீடு, கூடவே எவ்வளவு முன்னே பின்னே இருக்கலாம் என்கிற வரம்பும் கிடைக்கும்.

தீவனத்துக்கு என் பதில்: சோதனைப் பதிவேட்டில் காது எண் ஏறின மாட்டின் தீவனம் சேரும், மற்றதோடது சேராது. பதிவேடு இல்லாவிட்டால் எதுவும் சேராது. மலையில் இருக்கிறவங்க இதை ஒத்துக்க மாட்டாங்க. இனத்தைக் காப்பதே ஆராய்ச்சிக்கு அடித்தளம் என்பாங்க, அதிலும் நியாயம் இருக்கு. அதற்குத் தனி வரி ஒன்று படிவத்தில் வேண்டும், அவ்வளவுதான்.