வந்த நாளே பிறந்த நாள்

பள்ளியில் புதிதாகச் சேரும் பிள்ளையின் படிவத்தில் ‘பிறந்த தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதை நிரப்ப அரை நிமிடம் போதும். ஆனால் எப்போதாவது ஒரு பிள்ளை வரும். பெற்றவர்கள் உடன் இருக்கமாட்டார்கள். பாட்டி மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

“நல்ல மழைக் காலத்துலதான் பொறந்தான் சார். பத்திரத்தை அவன் அப்பன் எங்க வச்சானோ, யாரு கண்டா?”

பேனா அந்தக் கட்டத்தின்மேல் நின்றுவிடும். பையன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்போதெல்லாம் எனக்குத் தமிழகத்தின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் டோனாவூர் நினைவுக்கு வரும். பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு அந்த ஊரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

டோனாவூர் என்ற பெயரே சற்று விநோதமானது. ரேனியஸ் என்ற மிஷனரிக்குப் பொருளுதவி செய்த பிரஷ்ய நாட்டு டோனா பிரபுவின் பெயரால் அமைந்த சிற்றூர் அது. அதை உலகம் அறியச் செய்தவர் ஏமி கார்மைக்கேல் என்ற பெண்மணி. அயர்லாந்தின் வடபகுதியில், மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையில் தங்கித் தமிழ் படித்தார். புடவை உடுத்தி, தமிழ்ப் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று கிறிஸ்துவ சமயத்தைப் போதித்து வந்தார். பிள்ளை வளர்ப்பது அவர் திட்டத்திலேயே இல்லை.

1901 மார்ச் மாதம், பண்ணைவிளை என்ற ஊரில் அவர் தங்கியிருந்தபோது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு பெண் அழைத்து வந்தாள். சிறுமியின் பெயர் பிரீனா. கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காகத் தாசிகளின் வீட்டில் விடப்பட்டவள். முன்பே ஒருமுறை அங்கிருந்து தப்பித் தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடினாள். தெய்வக் குற்றம் வந்துவிடுமென்று அஞ்சிய தாய் அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாக அவளுடைய பிஞ்சுக் கைகளில் சூடு போட்டார்கள். ‘பிள்ளை பிடிக்கிற அம்மா ஒருத்தி ஊரில் திரிகிறாள்’ என்று அவளைப் பயமுறுத்தவும் செய்தார்கள். அந்தக் குழந்தையோ, அப்படியானால் அந்த அம்மாவிடமே பிடிபட்டுவிடலாம் என்று எண்ணி ஓடி வந்துவிட்டது!

பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஆடலையும் பாடலையும் கட்டிக்காத்த மரபு அது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், நாளடைவில் வறுமையும் நேர்த்திக்கடனும் விவரம் அறியாத சிறுமிகளை அதில் தள்ளின. அவர்கள் வாழ்வு பணமுள்ளவர்களின் கையில் சிக்கிச் சீரழிந்தது. அதை எதிர்த்துப் போராடியவர்களில் முதன்மையானவர் நம் தமிழ்ப் பெண்மணி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தாமே அத்தகைய குலத்துத் தாய்க்குப் பிறந்தவர். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தையும் நிறுவினார். சென்னை மாகாணத்தில் அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947-இல்தான் வந்தது. பிரீனா ஓடி வந்தது அதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு.

பிரீனாவைத் தொடர்ந்து மற்றப் பிள்ளைகளும் வந்தார்கள். 1904-ஆம் ஆண்டு நடுவில் பதினேழு பேர். அந்த ஆண்டில்தான் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கின. அதுவரை மாட்டு வண்டியில் ஊர் சுற்றியவருக்கு இப்போது கால்கட்டு விழுந்துவிட்டது. பால் காய்ச்சுவது, துணி துவைப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது என்றே நாள்கள் கழிந்தன. போதிக்க வந்தவர் ஆயா வேலை பார்க்கிறாரே என்று உடன் ஊழியம் செய்தவர்களே முகம் சுளித்தார்கள். தம் சீடர்களின் கால்களைக் கழுவிய இயேசுநாதருக்கு ஊழியம் செய்பவருக்கு எந்த வேலையும் இழிவல்ல என்பதே ஏமி அம்மையாரின் எண்ணம்.

ஆயா வேலை என்றால் என்னவென்று நம் தோட்டத்து வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் பால்வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுச் சென்ற ஆயாக் கொட்டகையை எத்தனை பேர் மறந்திருப்போம்? ஏணையை ஆட்டிய அந்தக் கைகளுக்கு யாரும் மாலை போட்டதில்லை. ஆனால், அந்தக் கைகளில்தான் ஒரு தலைமுறை வளர்ந்தது.

டோனாவூரிலும் அத்தகைய கைகள் இருந்தன. இளவயதிலேயே விதவையான பொன்னம்மாள் அவர்களில் ஒருவர். டோனாவூரில் அப்போது மருத்துவர் இல்லாததால், திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு அருகே ஒரு குழந்தைகள் காப்பகம் வைத்தார்கள். அதன் பொறுப்பைப் பொன்னம்மாள் ஏற்றார். வயிற்றுக்கடுப்பு நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்தன. மனம் உடைந்தாலும் அவர் பணியை விடவில்லை. 1915-இல் புற்றுநோய்க்கு இரையாகும் வரை அந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார். ஏமி கார்மைக்கேலைப் புகழ்பவர்கள் பொன்னம்மாளை மறந்தால் அது நியாயமாகாது.

1918-இல் முதல் ஆண் குழந்தை வந்தது. பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள். அவர்களை ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்க வைத்து வளர்க்கவில்லை. சிறு சிறு வீடுகள் கட்டி, வீட்டுக்குச் சில பிள்ளைகளும் அவர்களுக்கு ஓர் அக்காளும் என்று குடும்பம்போல் அமைத்தார்கள். மேல்நாட்டிலிருந்து வந்த பெண் ஊழியர்களைப் பிள்ளைகள் ‘மிஸ்’ என்றோ ‘மேடம்’ என்றோ அழைக்கவில்லை, ‘சித்தி’ என்றார்கள். ஆண்கள் ‘அண்ணாச்சி’ ஆனார்கள். உறவே இல்லாத பிள்ளைக்கு, நெல்லைத் தமிழ் ஒரு குடும்பத்தையே கொடுத்துவிட்டது.

பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள்? அந்தப் பிள்ளை டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளைக் குறித்து வைத்தார்கள். ‘வந்த நாள்’ என்று ஆண்டுதோறும் அதைக் கொண்டாடினார்கள். பிறந்த நாள் தெரியாவிட்டால் போகட்டும். ‘நீ எங்களிடம் வந்த நாள் எங்களுக்குத் திருநாள்’ என்பதே அதன் பொருள். சோறும் துணியும் எந்த விடுதியிலும் கிடைக்கலாம். நான் வந்ததால் மகிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவு எளிதில் கிடைக்குமா?

இந்தப் பணியில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற பழி எழுந்தது. நீதிமன்ற வழக்குகளும் வந்தன. பிள்ளைகள் கிறிஸ்துவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள். தம் குடும்பத்தையும் சமயத்தையும் விட்டுப் பிரிந்தார்கள் என்ற மனத்தாங்கல் பலருக்கு உண்டு. அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால், கையில் சூட்டுக் காயத்தோடு ஒரு குழந்தை வாசலில் நிற்கும்போது யார் கதவைத் திறந்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறதல்லவா? குறை சொல்வதைவிட நாமும் ஒரு கதவைத் திறப்பதே சிறந்த பதில். நம் நாட்டில் 1949-இல் சுவாமி சத்தியானந்தா தொடங்கிய சுத்த சமாஜம் அப்படித் திறந்த கதவுதான். அநாதைப் பிள்ளைகள் பலர் அங்கே வளர்ந்து ஆளானார்கள்.

1931-இல் கீழே விழுந்து அடிபட்ட ஏமி அம்மையார் அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுத்த படுக்கையாகவே இருந்தார். 1951 ஜனவரி 18-இல் காலமானார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீரருந்த ஒரு கல்தொட்டி வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள்.

வாசக அன்பர்களே! உங்கள் தோட்டத்திலோ தாமானிலோ பத்திரமில்லாத பிள்ளை இருந்தால், அதன் பாட்டியைத் தனியே அலைய விடாதீர்கள். தாமதமாகப் பதிந்துகொள்ளவும் வழி உண்டு. பதிவிலாகாவுக்கு உடன் செல்ல, படிவம் எழுதிக் கொடுக்க ஒரு படித்தவர் போதும்.

என் கதைக்கு வருகிறேன். அந்தப் பையனின் படிவக் கட்டம் உடனே நிரம்பவில்லை. அதற்கு நானும் பாட்டியும் பலமுறை அலைய வேண்டியிருந்தது. ஆனால், அவன் பள்ளிக்கு வந்த தேதியை என் நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். மறு ஆண்டு அதே நாளில் வகுப்பே அவனுக்குக் கைதட்டியது.

“எதுக்கு சார்?” என்று கேட்டான்.

“நீ வந்ததுக்குடா” என்றேன்.