சுழலும் கத்திக்கு ஒரு தராசு

பம்பரம் விட்டு விளையாடாத சிறுவர் ஒரு காலத்தில் நம்மிடையே மிகச் சிலரே. ஆணி சரியாக நடுவில் இறங்கிய பம்பரம், உறங்குவதுபோல் ஓரிடத்தில் நின்று சுழலும். ஆணி சற்றே விலகியிருந்தாலோ, அது தள்ளாடித் தரையைக் கீறிக்கொண்டு ஓடிச் சாயும். மரம் ஒன்றே, கயிறு ஒன்றே, விட்ட கையும் ஒன்றே. வேறுபாடு எல்லாம் பாரம் எங்கே அமைந்திருக்கிறது என்பதில்தான். பம்பரம் சாய்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கூரிய எஃகுக் கத்தி ஒன்று விநாடிக்கு ஐம்பது முறை சுழலும்போது இதே குறை நேர்ந்தால் என்ன ஆகும்? அக்குறையை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் ஓர் எளிய கருவியை எவ்வாறு செய்வது? இவற்றையே இன்று ஆராய்வோம்.

புல்தரையைச் சீராக வெட்டும் யந்திரத்தை முதன்முதல் அமைத்தவர் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள ஸ்ட்ரௌட் என்னும் ஊரில், 1830-ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கம்பளித் துணியின் மேல் எழும்பி நிற்கும் இழைகளை ஒரே மட்டமாகச் சீவும் ஆலை யந்திரத்தைக் கண்டபோது, புல்லையும் இவ்வாறே சீவலாமே என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய யந்திரத்தில் உருளையின்மேல் வளைந்த கத்திகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை கீழேயுள்ள நிலையான கத்தியோடு உரசிக் கத்தரிக்கோல் போலப் புல்லை வெட்டின.

இன்று பல நாடுகளில் வீட்டுத் தோட்டங்களில் பெரிதும் காணப்படுவது வேறு வகை. அதில் நீண்ட எஃகுத் தகடு ஒன்று தரைக்கு இணையாகச் சுழல்கிறது. அதன் இரு முனைகளும் கூராக்கப்பட்டிருக்கும். எதிரே தாங்கிப் பிடிக்க வேறு கத்தி இல்லாமையால், அது வேகம் ஒன்றினாலேயே புல்லைத் துணிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரப் புறத்தில் வாழ்ந்த மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்பவர், 1952-ஆம் ஆண்டில் இவ்வகை யந்திரம் ஒன்றைத் தம் வீட்டிலேயே செய்தார். அதன் எண்ணெய்த் தொட்டியாக அவர் உபயோகித்தது, பீச் பழம் அடைத்து வந்த வெறும் தகரக் குவளை! அந்த யந்திரமே பின்னர் ‘விக்டா’ என்னும் பெயரால் அந்நாடெங்கும் பரவியது.

இப்போது கணக்கிற்கு வருவோம். கத்தியின் நடுத் துளையிலிருந்து முனை வரை 25 சென்டிமீட்டர் என்றும், அது நிமிஷத்துக்கு 3,000 முறை சுழல்கிறது என்றும் கொள்வோம். அப்படியானால் முனையின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 78 மீட்டர். மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல். ஒரு முனை மற்றதைவிட 5 கிராம் மட்டும் கூடுதலாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிறை, ஆரம், கோண வேகத்தின் வர்க்கம் ஆகிய மூன்றையும் பெருக்கினால், கத்தியை வெளிப்புறமாக இழுக்கும் விசை கிடைக்கும். இங்கே அது சுமார் 123 நியூட்டன். அதாவது, பன்னிரண்டரைக் கிலோகிராம் எடையுள்ள ஒரு மூட்டை கத்தியின் முனையைப் பிடித்து இழுப்பதற்கு ஒப்பாகும். அந்த மூட்டையும் ஒரே திசையில் நின்று இழுப்பதில்லை; விநாடிக்கு ஐம்பது முறை யந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இழுக்கிறது. கையில் வைத்தால் உணரவும் முடியாத 5 கிராம், வேகத்தின் வர்க்கத்தோடு சேர்ந்ததும் இவ்வளவு வலிமை பெற்றுவிடுகிறது.

இதன் விளைவுகள் பல. யந்திரத்தைத் தள்ளுபவரின் கைகள் அதிர்ந்து மரத்துப்போகும். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் விரைவில் தேயும். மரைகள் தளரும். தகட்டில் மயிரிழை போன்ற விரிசல் ஏற்கெனவே இருந்தால், ஓயாத அதிர்ச்சியால் அது வளரும். சுழலும்போது ஒரு துண்டு முறிந்தால், அது துப்பாக்கிக் குண்டுபோல் பாயக்கூடியது. எனவே கத்தியின் சமனிலை நம் வசதியை மட்டும் பொறுத்ததன்று. அருகில் நிற்பவரின் உயிரையும் பொறுத்தது.

சமனிலை கெடுவது ஏன்? கத்தி கல்லில் மோதி ஒரு முனை சிதையலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் நாமேதான். மழுங்கிய கத்தியைச் சாணை பிடிக்கும்போது, ஒரு முனையில் பத்து இழுப்பு, மறு முனையில் பதினைந்து இழுப்பு என்று கை போன போக்கில் தேய்த்துவிடுகிறோம். 5 கிராம் எஃகு என்பது கன சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவே. அது சாணைக் கல்லின் கீழே பொடியாக உதிர்ந்து போவதை யார் கவனிக்கிறார்கள்?

சுவரில் அடித்த ஆணியில் கத்தியைத் தொங்கவிட்டு, அது கிடைமட்டமாக நின்றால் சரி என்று சொல்வது பலருடைய வழக்கம். ஒன்றும் பார்க்காமல் இருப்பதைவிட இது நன்றே. ஆயினும் ஆணி முழு உண்மையைச் சொல்வதில்லை. துளையின் குறுக்களவு 25 மில்லிமீட்டர் என்று கொள்வோம். கத்தி ஆணியின்மீது தொங்கும்போது, துளையின் மேல் விளிம்பே அதைத் தாங்குகிறது. ஆகவே தாங்கும் இடம் துளையின் மையத்துக்குப் பன்னிரண்டரை மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. பாரம் தாங்கும் இடத்துக்குக் கீழே அமைந்த எப்பொருளும் தானே நிலைத்து நிற்க முயலும். ஆதலால், முக்கால் கிலோகிராம் எடையுள்ள கத்தியில் 5 கிராம் வேற்றுமை இருந்தாலும், மெல்லிய ஆணியில் அது ஏழரைப் பாகையளவே சாயும். ஒரு கிராம் வேற்றுமைக்குச் சாய்வு ஒன்றரைப் பாகைதான். அதையும் ஆணியின் உராய்வு மறைத்துவிடக்கூடும். குறை இருந்தும் இல்லாததுபோல் காட்டுவது பொய்த் தராசின் இயல்பல்லவா?

நல்ல தராசுக்கு இரண்டு இலக்கணங்கள் வேண்டும். கத்தி தன் துளையின் மையத்தையே அச்சாகக் கொண்டு திரும்ப வேண்டும். அவ்வாறு திரும்பும்போது உராய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். பட்டறைகளில் சாணைச் சக்கரங்களைச் சமன் செய்ய இணையான இரு விளிம்புகள் கொண்ட தாங்கியை உபயோகிப்பார்கள். அதையே நாம் சிறிய அளவில் செய்துகொள்ளலாம்.

ஒரு கனமான பலகையின்மேல் 35 சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு மரச்சட்ட அமைப்புகளை, நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் ரம்பத்தால் நேரான பள்ளம் ஒன்று அறுத்து, 15 சென்டிமீட்டர் நீளமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுப் பட்டையை விளிம்பு மேலே தெரியும்படி பதிக்க வேண்டும். விளிம்புகளை மெல்லிய அரத்தால் நேராக்கி, உப்புத்தாளால் வழுவழுப்பாக்க வேண்டும். பிறகு ரசமட்டத்தை ஒவ்வொரு பட்டையின்மேலும், இரண்டுக்கும் குறுக்காகவும் வைத்துப் பார்த்து, பலகையின் அடியில் ஆப்பு வைத்து மட்டம் செய்ய வேண்டும்.

அடுத்தது அச்சு. 12 மில்லிமீட்டர் குறுக்களவும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள நேரான உருட்டுக் கம்பி போதும். கடைசல் பட்டறையில் கொடுத்து அதன் நடுப்பகுதியில் மட்டும் மரை வெட்டச் சொல்ல வேண்டும். இரு முனைகளும் வழுவழுப்பாகவே இருக்கட்டும். அதே பட்டறையில் நடுத் துளையுள்ள இரண்டு கூம்புகளையும் கடைந்து பெறலாம். கத்தியின் துளைக்குள் இருபுறமிருந்தும் கூம்புகளை நுழைத்து நட்டுகளால் இறுக்கினால், துளை எந்த அளவாயினும் அதன் மையம் கம்பியின் மையத்தோடு தானே பொருந்திவிடும். துளை வட்டமாக இல்லாமல் நட்சத்திரம் போன்ற வடிவில் இருந்தால், அதற்கேற்ற அடைப்பு ஒன்றைத் தனியே கடைந்துகொள்வது நல்லது.

கருவி தயாராயிற்று. உடனே கத்தியைச் சோதிக்கலாமா? கூடாது, முதலில் கருவியையே சோதிக்க வேண்டும். கத்தியில்லாமல் கம்பி, கூம்பு, நட்டு ஆகியவற்றை மட்டும் விளிம்புகளின்மேல் வைத்து மெல்ல உருட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்த அச்சே சமனிலை அற்றது. எப்போதும் பட்டையின் ஒரே முனையை நோக்கி உருண்டால் மட்டம் சரியில்லை. இவை இரண்டும் நேராகும்வரை மேலே செல்லலாகாது.

இனி யந்திரத்திலிருந்து கத்தியைக் கழற்றலாம். அதற்கு முன் தீப்பொறிச் செருகியின் கம்பியை அகற்ற வேண்டும்; மின்கலத்தில் ஓடும் யந்திரமானால் மின்கலத்தையே எடுத்துவிட வேண்டும். தடித்த கையுறை அவசியம். ஒட்டியுள்ள மண்ணையும் காய்ந்த புல்லையும் சுரண்டிக் கழுவ வேண்டும், அவையும் எடைதான். பிறகு கத்தியை அச்சில் இறுக்கி, கிடைமட்டமாக விளிம்புகளின்மேல் வைத்துக் கையை எடுக்க வேண்டும். கனமான முனை மெல்லக் கீழே இறங்கும். அம்முனையில் சுண்ணாம்புக் கட்டியால் அடையாளம் இட்டு, கத்தியைக் கழற்றி, அச்சின்மீது அரைவட்டம் திருப்பி மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும். அடையாளமிட்ட முனையே மீண்டும் இறங்கினால் குறை கத்தியில் உள்ளது. இல்லையேல் குறை கருவியில் உள்ளது. தராசுத் தட்டுகளில் பண்டத்தையும் படிக்கல்லையும் இடம் மாற்றி நிறுத்து, தராசின் நேர்மையைக் கண்டறியும் முறையே இதுவும்.

குறை எவ்வளவு என்பதையும் அளந்து அறியலாம். இலேசான முனையில் களிமண்ணைச் சிறிது சிறிதாக ஒட்டிக்கொண்டே வந்தால், ஒரு நிலையில் கத்தி எப்படி வைத்தாலும் அப்படியே நிற்கும். அந்தக் களிமண்ணின் எடையே நாம் தேடிய வேற்றுமை. முனையில், அதாவது 25 சென்டிமீட்டர் தூரத்தில், 5 கிராம் களிமண் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பக்கத்தில் 20 சென்டிமீட்டர் தூரத்தில் எஃகைத் தேய்ப்பதாயின், 6¼ கிராம் தேய்க்க வேண்டும். நெம்புகோல் விதி இங்கே அப்படியே பொருந்துகிறது.

தேய்ப்பதிலும் சில கட்டுப்பாடுகள் உண்டு. கனமான முனையின் வெட்டும் விளிம்பையே, அதன் பழைய சரிவு மாறாமல் தேய்க்க வேண்டும். பின்புறத்தில் மேல்நோக்கி வளைந்திருக்கும் பகுதியைத் தொடலாகாது. அது காற்றை எழுப்பிப் புல்லை நிமிர்த்துவதற்காக அமைந்தது. மணற்காற்றால் அது ஏற்கெனவே மெலிந்திருக்கவும் கூடும். சாணைக் கல்லில் அழுத்தித் தேய்த்து எஃகு நீலம் பூக்கும்படி விட்டால், பதம் கெட்டுக் கத்தி கூர் நிற்காது. ஆகவே பொறுமையோடு அரத்தால் தேய்த்து அடிக்கடி நிறுத்துப் பார்ப்பதே மேல். இலேசான முனையில் எதையேனும் பற்றவைத்துச் சமன் செய்யலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். மோட்டார் வண்டிச் சக்கரத்தின் விளிம்பில் சிறு எடைத் துண்டுகளைப் பொருத்துகிறார்களே என்று வாதிக்கவும் கூடும். புல்வெட்டும் கத்தி கல்லிலும் வேரிலும் மோதும். ஒட்டிய துண்டு கழன்றால் அதுவே குண்டாகிப் பாயும். துளையிட்டு எடையைக் குறைப்பதும் தவறு. அவ்விடத்தில்தான் விரிசல் தோன்றும்.

இந்தத் தராசால் அறிய முடியாதனவும் உண்டு. வளைந்த கத்தியும் இதில் சமனாக நிற்கலாம். எனவே மட்டமான மேசையில் வைத்து, இரு முனைகளும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று தனியே பார்க்க வேண்டும். வளைந்த கத்தியையும் விரிசல் கண்ட கத்தியையும் அடித்து நிமிர்த்தி உபயோகிக்கலாகாது, எறிந்துவிட வேண்டும். கத்தி குற்றமற்றதாக இருந்தும் யந்திரம் அதிர்ந்தால், அதைத் தாங்கும் தண்டே வளைந்திருக்கலாம். நீண்ட உருளை போன்ற பொருள்களிலோ, ஒரு கோடியில் மேற்புறமும் மறு கோடியில் கீழ்ப்புறமும் கனத்திருந்து, நிற்கும்போது சமனாகவும் சுழலும்போது ஆட்டமாகவும் இருப்பதுண்டு. அவற்றைச் சுழலவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். நம் கத்தி மெல்லிய தகடாக இருப்பதனால்தான் இந்த எளிய முறை அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

அமெரிக்காவில், மனிதர் பின்னால் நடந்து தள்ளும் இத்தகைய யந்திரங்களில், கைப்பிடியை விட்ட 3 விநாடிக்குள் கத்தி நின்றுவிட வேண்டும் என்னும் விதி 1982-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கத்தியை நிறுத்தலாம். ஆனால் சாணை பிடித்தவர், கத்தியை மீண்டும் யந்திரத்தில் பொருத்துமுன் நிறுத்துப் பார்த்தாரா என்பதைச் சட்டம் பார்த்துக்கொண்டிராது. அது அவருடைய பொறுப்பு. இரண்டு எஃகுப் பட்டை, ஓர் உருட்டுக் கம்பி, ஒரு பிடி களிமண் ஆகியவற்றைக் கொண்டு அவர் அப்பொறுப்பை நிறைவேற்றிவிடலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கற்கும் நெம்புகோல் விதியும் மையவிலக்கு விசையும், தோட்டத்தில் நிற்கும் ஒருவரின் காலைக் காக்கும் காவலாக அங்கே மாறுகின்றன.