முதன்முதல் வாங்கும் சிறு ஹெலிகொப்டர்

வானொலி அலைகளால் தூரத்திலிருந்து இயக்கப்படும் மின்சாரச் சிறு ஹெலிகொப்டரை வாங்க விழைவோர் பலர், விரைவு மிக்கதையே முதலில் நாடுவர். அது முதல் நாளிலேயே நொறுங்கினால், ஆசையும் அன்றே மடிந்துவிடும். ஆகவே, தெரிவு செய்யும் முறையை ஆராய்வோம்.

மேலுள்ள சுழலி ஒரு திசையிற் சுழலும்போது, உடல் எதிர்த்திசையில் திரும்ப முயலும். ஒற்றைச் சுழலி வகையில் இதனைத் தடுப்பது பெரும்பாலும் வாலிலுள்ள சிறு சுழலியே. ஒரே அச்சில் இரு சுழலிகள் எதிரெதிராகச் சுழலும் வகையிலோ, ஒன்றின் முறுக்கத்தை மற்றொன்று ஈடுசெய்கின்றது. ஆதலால் அது எளிதில் நிலைகுலையாது. புதிதாகப் பழகுவோர்க்கு ஏற்றது அதுவே. ஆயினும், காற்றைத் தாங்காதாகையால் வீட்டினுள்ளேயே பறக்கவிடுதல் நன்று. இறகுகளின் சாய்வை மாற்றித் தலைகீழாகவும் பறக்கவல்ல வகை, கைதேர்ந்தவர்க்கே உரியது.

விலையை மட்டும் நோக்காது, மாற்று இறகுகள் கிடைக்குமா என்றும் விசாரித்தறிதல் வேண்டும். லித்தியம் பொலிமர் மின்கலம் ஒன்றின் அழுத்தம் 3.7 வோல்ட், அது 3 வோல்ட்டிற்குக் கீழே இறங்கினாற் கெட்டுவிடும். தீப்பற்றவும் கூடுமாதலின், மின்னேற்றும்போது அருகிருந்து கவனித்தல் அவசியம். சுழலும் இறகு சிறிதாயினும் கண்ணைக் காயப்படுத்தும்; சிறுவர்களை விலகி நிற்கச் செய்யுங்கள்.

அன்பர்களே, ஒரே இடத்தில் ஒரு நிமிடம் அசையாது மிதக்கவைக்கப் பழகிய பின்னரே, ஒற்றைச் சுழலி வகையை நாடுங்கள்.