சோறு கடைசியில் வரட்டும்

சர்க்கரை நோய் என்று மருத்துவர் சொன்ன மறுநாளே வீட்டில் அரிசிப் பானை ஓரங்கட்டப்பட்டு, கோதுமை மாவு வந்து இறங்கிவிடுகிறது. ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் கேழ்வரகுக் கஞ்சி, நடுவில் கொறிக்க ‘டயபடிக் பிஸ்கட்’. அரிசிக்குப் பதில் எதைச் சாப்பிடலாம் என்பதுதான் புதிதாக நோய் தெரியவந்தவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. ஒவ்வொன்றும் 30 கிராம் மாவில் இட்ட மூன்று சப்பாத்தியில் ஏறத்தாழ 58 கிராம் மாவுச்சத்து. 200 கிராம் வடித்த சோற்றில் ஏறத்தாழ 56 கிராம். கோதுமையில் நார் கொஞ்சம் கூடுதல், அதனால் செரிமானம் கொஞ்சம் மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் குருமா ருசியாக இருக்கிறதென்று நான்காவது சப்பாத்தியும் உள்ளே போய்விட்டால், அரிசியே தேவலை. கேழ்வரகும் பெரிய விதிவிலக்கு இல்லை. நூறு கிராம் பச்சரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் 67. அதையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் வயிற்றுக்கு அரைக்கும் வேலைகூட மிச்சம்.

இதைச் சந்தேகிப்பவர்களுக்கு 2025இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்த ‘ஐசிஎம்ஆர்-இந்தியாப்’ (ICMR-INDIAB) ஆய்வு இருக்கிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நாடு முழுக்க நடத்தியது. இந்தியர்கள் தங்கள் கலோரியில் சுமார் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்தே பெறுகிறார்கள் என்கிறது அது. வெள்ளை அரிசியையும் மைதாவையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முழுக்கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நோய்க்கான வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை. ஆனால் மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால் வாய்ப்பு குறைகிறது. இது ஒரு கணக்கெடுப்பு, சோதனை இல்லை. காரண காரியத்தை இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் சிறுதானியத்துக்கு அடிக்கும் விளம்பரத் தமுக்கைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கலாம் என்று சொல்ல இது போதும்.

தானியத்தை மாற்றிப் பெரிய பயன் இல்லையென்றால் வேறு எதை மாற்றுவது? அளவை மாற்றலாம். அதை எல்லா மருத்துவரும் சொல்கிறார்கள், சொல்வது சரியும்கூட. அதிகம் பேசப்படாத இன்னொன்று, சாப்பிடும் வரிசை. அது ஏன் முக்கியம் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். ஓர் ஆளின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். சர்க்கரை அளவு 100 என்றால் நூறு மில்லிக்கு 100 மில்லிகிராம். பெருக்கிப் பார்த்தால், மொத்த ரத்தத்திலும் எந்நேரமும் ஓடுகிற குளுக்கோஸ் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. அந்த ஒரு கரண்டி இருக்குமிடத்தில் ஒரு வேளைச் சாப்பாடு 60, 80 கிராமைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வருகிற வேகத்துக்கு ஈடாகக் கல்லீரலும் தசையும் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் கணக்கு நேராகும். அதற்கு உத்தரவு கொடுப்பது இன்சுலின். நோயில்லாதவர்களுக்குச் சாப்பிடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கணையம் ஒரு வீச்சு இன்சுலினை அனுப்பிவிடும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் முதலில் மங்கிப்போவது இந்த முதல் வீச்சுதான். இன்சுலின் வராமலில்லை, வருகிறது, தாமதமாக. ஆகவே சர்க்கரை மெதுவாக வந்தால் தாமதமான இன்சுலினாலும் ஓரளவு சமாளிக்க முடியும்.

சர்க்கரை எவ்வளவு வேகமாக வரும் என்பதைத் தீர்மானிப்பது நாக்கும் இல்லை, கணையமும் இல்லை. இரைப்பை முடியுமிடத்தில் இருக்கும் ஒரு தசை வளையம். கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலில் கையைக் குறுக்கே நீட்டி நிற்கும் பெரியப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். இரைப்பை என்பது வெளியே முண்டும் கூட்டம், சிறுகுடல் என்பது சாப்பாட்டுக் கூடம். பெரியப்பா நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து நாலு கலோரி வரைதான் உள்ளே விடுவார். கூட்டத்தைக் கண்டு மட்டும் அவர் கையை உயர்த்தித் தாழ்த்துவதில்லை, கூடத்துக்குள்ளிருந்து வரும் தகவலையும் கேட்கிறார். குடல் சுவரில் இருக்கும் எல் செல்கள் இலை போட்டுப் பரிமாறுகிறவர்கள். உணவு தங்களைத் தொட்டதும் அவர்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை ஆளாக அனுப்புகிறார்கள். அந்த ஆள் வாசலுக்குப் போய் “கொஞ்சம் நிறுத்தி விடுங்க” என்கிறான். அதே கையோடு சமையல்கட்டாகிய கணையத்துக்கும் போய் “கூட்டம் வருது, தயாரா இருங்க” என்கிறான். முதலில் உள்ளே போனவர்கள் நிதானமாகச் சாப்பிடும் பெரியவர்கள், அதாவது காய்கறியின் நாரும் பருப்பின் புரதமும் என்றால், தகவல் வாசலுக்கு வந்து சேர நேரம் கிடைக்கும். மாவுச்சத்தாகிய இளவட்டங்கள் முதலில் புகுந்துவிட்டால், ஆள் வந்து சொல்வதற்குள் கூடம் நிரம்பிவிடும். இதில் இன்னொரு வேடிக்கை, அந்த ஆளுக்கு ஆயுசு மிகக் குறைவு. ஏறத்தாழ இரண்டே நிமிடத்தில் ரத்தத்தில் பாதி ஜிஎல்பி-1 ஒரு நொதியால் நறுக்கப்பட்டுவிடுகிறது. ஆகவே ஆள் மாற்றி ஆள் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு மேல் போனால் மொய் எழுதுகிறவருக்கும் உடம்பில் ஓர் உறுப்பைத் தேட வேண்டிவரும், நிறுத்திக்கொள்ளலாம். நோயாளிகளிடம் இந்த ஏற்பாடு மங்கிப்போயிருக்கும் என்றாலும் அடியோடு அற்றுப்போவதில்லை.

இது வெறும் கதை இல்லை. 2009இல் ‘டயபடிஸ் கேர்’ இதழில் வந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகள் 8 பேருக்கு உருளைக்கிழங்கு மசியல் கொடுத்தார்கள். 55 கிராம் பால்புரதத்தை ஒரு நாள் மசியலோடு கலந்தும், வேறொரு நாள் அரை மணி நேரம் முன்னதாகவும் கொடுத்தார்கள். முன்னால் கொடுத்தபோதுதான் இரைப்பை மிக மெதுவாகக் காலியானது. அதே இதழில் 2015இல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியினர் 11 நோயாளிகளுக்கு ரொட்டி, ஆரஞ்சுச் சாறு, கோழி, காய்கறி அடங்கிய ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்தார்கள். கோழியையும் காயையும் முதலில் சாப்பிட்டுக் கால் மணி கழித்து ரொட்டிக்கு வந்த நாளில், ஒரு மணி நேரச் சர்க்கரை 36.7 சதவீதம் குறைவு. இரண்டு மணி நேரத்தில் 16.8 சதவீதம். ஒரு கவளம் குறையவில்லை, ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: 1921இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும்வரை இந்நோய்க்கு இருந்த வைத்தியம் அமெரிக்காவின் ஃபிரெடரிக் ஆலன் வகுத்த பட்டினி. வாய்வழி போகும் குளுக்கோஸ், நரம்பில் ஏற்றும் குளுக்கோஸைவிட அதிக இன்சுலினை வரவழைக்கிறது என்று 1964இல் காட்டினார்கள்; குடல் கணையத்தோடு பேசுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1981இல் அதே டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு ‘கிளைசெமிக் இண்டெக்ஸ்’ பட்டியலைக் கொண்டுவந்தது. உணவுப் பண்டங்களை ஒவ்வொன்றாகத் தனியே தின்னவைத்து அளந்த பட்டியல். தனியாகச் சோற்றை மட்டும் யார் சாப்பிடுகிறார்கள் என்று அன்றே யாராவது கேட்டிருக்கலாம்.

ஆட்சேபங்கள் வரும். 8 பேர், 11 பேர் எல்லாம் ஓர் ஆய்வா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஒரு வேளைச் சாப்பாட்டின் ஏற்றத்தைக் குறைப்பது வேறு, மூன்று மாதச் சராசரியைக் குறைப்பது வேறு. ஜப்பானில் ‘முதலில் காய்கறி’ என்ற எளிய முறையை இரண்டாண்டு பின்பற்றவைத்துப் பார்த்த ஆய்வில் சராசரியும் இறங்கியது என்பது ஆறுதல், ஆனாலும் இதை மருந்துக்கு மாற்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் சாப்பாடே பிசைந்து உண்பது, பிரித்து எப்படிச் சாப்பிடுவது என்பது அடுத்த ஆட்சேபம். இலையில் பொரியலும் கூட்டும் முதலில்தான் வைக்கப்படுகின்றன. சோறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான் நம் வழக்கம். காத்திருக்காமல் அவற்றை முதலில் காலிசெய்தால் போதும். உருளைக்கிழங்கு வறுவல் இந்த விஷயத்தில் காய்கறி ஆகாது. கடைசியில் வரும் சோறு மூன்று கரண்டியா ஆறு கரண்டியா என்பதை வரிசை தீர்மானிக்காது, ஆகவே அளவுக் கட்டுப்பாட்டிலிருந்தும் விடுதலை இல்லை. பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஆறாண்டுக்குள் இருந்தவர்களில் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 46 சதவீதத்தினருக்கு ஓராண்டில் மருந்தே தேவைப்படாத நிலை வந்தது. வரிசை அந்த வேலையைச் செய்யாது.

இதே சமயத்தில் சமூக ஊடகத்தில் ஓடுவது வேறு வைத்தியம்: சோற்றை ஃபிரிட்ஜில் வைத்தெடுத்தால் சர்க்கரை ஏறாதாம். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி மறுபடி இறுகி, செரிக்காததாக மாறும் என்பது உண்மை. எவ்வளவு என்றுதான் யாரும் சொல்வதில்லை. 2015இல் இந்தோனேசியாவில் அளந்தபோது புதிதாக வடித்த 100 கிராம் சோற்றில் இந்தச் செரிக்காத பகுதி 0.64 கிராமாக இருந்தது. ஒரு நாள் குளிரவைத்துச் சூடாக்கியபின் 1.65 கிராம். நூறு கிராம் சோற்றிலுள்ள ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்தில் ஒரு கிராம் லாபம். வேண்டாமென்று சொல்லவில்லை, அதை நம்பி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்ள வேண்டாம்.

நம்பிக்கை வராதவர்கள் தங்கள் குளுக்கோமீட்டரையே கேட்கலாம். ஒரே அளவுச் சோறு, ஒரே சாம்பார், ஒரே சுண்டல் அல்லது முட்டை, ஒரே பொரியல். ஒரு நாள் வழக்கம்போல, இன்னொரு நாள் சுண்டலும் பொரியலும் முடித்துப் பத்து நிமிடம் கழித்துச் சோறு. சாப்பிடத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் விரலைக் குத்திப் பாருங்கள். ஒரு நாள் கணக்கு ஏமாற்றும், நாலைந்து முறையாவது செய்ய வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரெனக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவையும் சேர்த்துக் குறைக்க வேண்டியிருக்கும்.